கொடைக்கானல் குளிரில் படகு மோட்டார் உறையுமா?

கொடைக்கானல் ஏரி 1863-ல் மதுரை கலெக்டர் லெவிஞ்ச் முயற்சியில் உருவானது. இன்றும் அங்கே சுற்றுலாப் பயணிகள் போவது துடுப்புப் படகிலும் பெடல் படகிலும்தான். மோட்டார் படகில் போகணும்னா ஊட்டி ஏரிக்குத்தான் போகணும். ஆனாலும் எனக்கு ஒரு கேள்வி. படகின் பின்பக்கம் மாட்டும் அவுட்போர்டு மோட்டாரை இந்த மலையில் நாலைந்து மாதம் சும்மா வைத்தால் என்ன ஆகும்?

இணையத்தில் தேடினால் கனடா, அமெரிக்காக்காரர்களின் குளிர்காலக் குறிப்புகள்தான் வருகின்றன. அங்கே ஏரியே கட்டியாகிவிடும். அந்தப் பட்டியலில் ஒரு பகுதி நமக்குத் தேவையே இல்லை. மீதி நம் ஊரில்தான் ரொம்ப அவசியம்.

முதலில் தேவையில்லாத பகுதி. இந்த மோட்டாருக்குக் கார் மாதிரி ரேடியேட்டர் கிடையாது. ஏரித் தண்ணீரையே உறிஞ்சி, சிலிண்டரைச் சுற்றி ஓட்டி, வெளியே துப்பிவிடும். உள்ளே தேங்கிய தண்ணீர் உறைந்தால் சுமார் 9 சதவீதம் விரியும், அலுமினிய பிளாக்கில் விரிசல் விழும். குளிர்நாட்டுக்காரர்களின் பயம் இதுதான்.

கொடையில் டிசம்பர், ஜனவரியில் புல்வெளியில் உறைபனி படிவதைப் பார்த்திருப்பீர்கள். மேகமில்லாத இரவில் புல் தன் சூட்டை வானத்துக்கு வேகமாக இழந்துவிடும். ஏரியோ பெரிய நீர்த்தொட்டி. இரவில் இழப்பதைப் பகல் வெயில் திருப்பித் தந்துவிடுகிறது. அதனால் ஏரி உறைவதில்லை. கூரைக்குக் கீழே இருக்கும் மோட்டாருக்கும் அந்தப் பயம் வேண்டாம். படுக்க வைக்காமல் ஸ்டாண்டில் நேராக நிறுத்தினால் உள்ளே இருக்கும் தண்ணீர் தானாக வடிந்துவிடும்.

நம் ஊரில் மோட்டாரைக் கெடுப்பது ஈரமும் பழைய பெட்ரோலும்தான்.

இப்போது பங்குகளில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால். எத்தனாலுக்கு ஈரத்தை இழுக்கும் குணம் உண்டு. மூடுபனியும் இரண்டு பருவ மழையும் உள்ள கொடையில் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. அரைகுறையாக நிரம்பிய டேங்கில் அந்த ஈரம் சேர்ந்துகொண்டே போனால், ஒரு கட்டத்தில் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பெட்ரோலைவிட்டுப் பிரிந்து அடியில் போய் உட்காரும். பெட்ரோலை உறிஞ்சும் குழாயும் அடியில்தானே இருக்கிறது! கார்புரேட்டர் கிண்ணத்தில் மிஞ்சிய கொஞ்சம் பெட்ரோல் ஆவியாகி, பிசின் மாதிரி படிந்து ஜெட் ஓட்டையை அடைத்துவிடும்.

அதனால் செய்ய வேண்டியது இவ்வளவுதான்:

1. மோட்டாரின் கீழ்ப்பகுதியைத் தண்ணீர் நிரம்பிய டிரம்மில் இறக்கி, பத்து நிமிடம் ஓட்டுங்கள். சேறும் பாசியும் கழுவிப் போகும். தண்ணீர் இல்லாமல் ஸ்டார்ட் பண்ணவே கூடாது, வாட்டர் பம்பின் ரப்பர் சக்கரம் சில நொடியிலேயே கெட ஆரம்பிக்கும். மூடிய ஷெட்டுக்குள்ளும் ஓட்டாதீர்கள், புகை ஆளைக் கொல்லும்.

2. ஓடும்போதே பெட்ரோல் குழாயைக் கழற்றுங்கள். தானாக நிற்கும். பிறகு கார்புரேட்டர் கிண்ணத்தின் அடியில் உள்ள ஸ்க்ரூவைத் திறந்து மிச்சத்தை வடியுங்கள். டேங்கையும் காலி செய்துவிடுங்கள். கணப்பு எரியும் வீட்டுக்குள் பெட்ரோல் கேனை வைக்க வேண்டாம்.

3. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் காற்று ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கார்புரேட்டர் பைக் கொடை ஏறும்போது திணறுவது இதனால்தான். காற்று குறைந்து பெட்ரோல் மிஞ்சுவதால் பிளக்கில் கரி படியும். அதைச் சுத்தம் செய்து, சிலிண்டருக்குள் ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு, ஸ்டார்ட்டர் கயிற்றை மெதுவாக மூன்று நான்கு முறை இழுங்கள். உள்சுவரில் ஆயில் படிந்தால் துரு பிடிக்காது. பிளக்கைத் திரும்ப மாட்டிவிடுங்கள்.

4. கீழே கியர் ஆயிலைத் திறந்து பாருங்கள். பால் ஊற்றிய டீ மாதிரி இருந்தால் சீல் வழியாகத் தண்ணீர் புகுந்திருக்கிறது. புரொப்பல்லரைக் கழற்றினால், தண்டில் சுற்றிய தூண்டில் நரம்பு சீலை வெட்டியிருப்பதை அடிக்கடி காணலாம். சீலை மாற்றி, புது ஆயில் போட்ட பிறகே ஓய்வு கொடுங்கள். விட்டுவைத்தால் பேரிங்கும் கியரும் உள்ளேயே துருப்பிடிக்கும்.

5. பேட்டரி இருந்தால் கழற்றி, சார்ஜ் போட்டுத் தனியாக வையுங்கள். மோட்டாரைப் பிளாஸ்டிக் தாளால் இறுக்கிக் கட்டாதீர்கள், ஈரம் உள்ளேயே நிற்கும். பழைய பருத்தித் துணி போதும்.

மொத்தமாக ஒரு மதிய நேர வேலை. பொழுதுபோக்குப் படகுக்கு இதைச் செய்யாவிட்டால் போவது பணம்தான். ஆனால் தீயணைப்புத் துறையும் தேசியப் பேரிடர் மீட்புப் படையும் ரப்பர் படகுகளில் மாட்டுவதும் இந்த வகை மோட்டாரைத்தான். 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது ஆட்களை மீட்ட படகுகளில் ஓடியதும் அதுதான். குளிர்நாட்டில் மோட்டார் தூங்கும் அதே மாதங்களில் நம் ஊரில் அது விழித்திருக்க வேண்டும். மாதக்கணக்கில் சும்மா கிடந்த எஞ்சின், மழை கொட்டும் இரவில் கயிற்றை இழுத்ததும் பிடிக்கணும். பிடிக்குமா பிடிக்காதா என்பது, கடைசியாக அதை எடுத்து வைத்தவர் கார்புரேட்டரைக் காலி செய்தாரா என்பதில் இருக்கிறது.