தொம்மலூர்: ஹோர்டிங்கிலிருந்து ரீல்ஸுக்கு

2008 மே மாதம் வரை பெங்களூரில் விமானத்தில் வந்து இறங்கியவர்களில் பெரும்பாலோர் தொம்மலூரைத் தாண்டித்தான் ஊருக்குள் போனார்கள். எச்.ஏ.எல். விமான நிலையத்திலிருந்து எம்.ஜி. ரோட்டுக்கு அதுதான் வழி. டாக்ஸி சிக்னலில் நிற்கும், உட்கார்ந்திருப்பவர் அண்ணாந்து பார்ப்பார், மேலே ஹோர்டிங் இருக்கும். அடுக்குமாடி வீடு, நகை, மென்பொருள் என்று காசுள்ளவர்கள் வானத்தையே வாடகைக்குப் பிடித்திருந்தார்கள். தையல் கடைக்காரருக்கும் மெஸ் நடத்துபவருக்கும் அது கட்டுப்படியாகாது. அவர்களுக்குத் தகரப் பலகை, காலைப் பேப்பருக்குள் செருகிய நோட்டீஸ், ஆட்டோவின் முதுகு. வாடிக்கையாளர் நாலு தெருவுக்குள் இருந்தார். அதற்கு மேல் யாரையும் தேட வேண்டியிருக்கவில்லை.

பெயரை ஊர் பார்க்கும்படி வைக்கிற ஆசை இங்கே பழசு. சொக்கநாதசுவாமி கோயிலில் பதின்மூன்றாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன. (பெயரை வைத்துச் சிவன் என்று நினைத்துப் போனால் கருவறையில் பெருமாள்.) தேசிமாணிக்கப்பட்டணம் என்று ஊருக்கு வணிக வாடை அடிக்கும் ஒரு பெயரும் அவற்றில் வருகிறது. கதவு நிலை செய்து கொடுத்த ஒரு தம்பதியின் கொடையும் கல்லில் இருக்கிறது. புண்ணியத்துக்குத்தான் கொடுத்திருப்பார்கள். ஆனால் உள்ளே போகிற எல்லாரும் தாண்டியாக வேண்டிய இடம் வாசல் என்பது அவர்களுக்குத் தெரியாதா என்ன?

2008 மே 24 அன்று தேவனஹள்ளியில் புதிய விமான நிலையம் திறந்தது. எச்.ஏ.எல்.லில் பயணிகள் விமானச் சேவை நின்றது. ரோட்டின் பெயர் பழைய ஏர்போர்ட் ரோடு என்று ஆனது. ஹோர்டிங் நின்ற இடத்திலேயே நின்றது. சூட்கேஸோடு வந்து அண்ணாந்து பார்த்தவர்கள் மட்டும் வேறு ரோட்டுக்குப் போய்விட்டார்கள். பத்து வருஷம் கழித்து, 2018 ஆகஸ்டில், உயர் நீதிமன்றம் விரட்டியதில் மாநகராட்சி ஊர் முழுக்க ஃப்ளெக்ஸ்களைக் கிழித்து இறக்கியது. சின்ன வியாபாரி கைபேசிப் பக்கம் திரும்பியதற்கு மலிவான டேட்டாதான் காரணம் என்பார்கள். பெங்களூரில் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இன்று ஆரி ஒர்க் ப்ளவுஸ் தைக்கும் ஒரு சின்னக் கடைக்குள் போய்ப் பாருங்கள். மரச் சட்டத்தில் துணி விறைப்பாகக் கட்டியிருக்கும். பக்கத்திலேயே டிரைபாடில் போன், அதற்கு மேல் ரிங் லைட். இரண்டு நாள் வேலை முப்பது விநாடி ரீலுக்குள் அடங்க வேண்டும். முடிந்த பின்கழுத்து டிசைனை முதல் மூன்று விநாடிக்குள் காட்டியாக வேண்டும், இல்லையென்றால் விரல் தள்ளிவிட்டுப் போய்விடும். இன்ஸ்டாகிராமில் பிசினஸ் அக்கவுன்ட்டாக மாற்றினால் பல சினிமாப் பாட்டுகள் கிடைக்காது என்பதால் கிரியேட்டர் அக்கவுன்ட்டிலேயே ஓட்டுகிறவர்கள் உண்டு. கேப்ஷன் ஆங்கிலத்தில், பேச்சு கன்னடத்தில் தொடங்கித் தமிழில் முடியும்.

இதில் ஒன்று கவனித்தேன். ‘பத்து சதவீதம் தள்ளுபடி’ ரீலை யாரும் சீண்டுவதில்லை. லைனிங் துணியை நனைத்துக் காயவைத்த பிறகே வெட்ட வேண்டும், இல்லாவிட்டால் முதல் துவைப்பிலேயே ப்ளவுஸ் இழுத்துப் பிடிக்கும் என்று சொல்லிக்கொடுக்கிற ரீலைத்தான் சேவ் செய்கிறார்கள், அக்கா தங்கைக்கு அனுப்புகிறார்கள். தொழில் ரகசியத்தைக் கொட்டுகிறோமே என்று பயப்படத் தேவையில்லை. பார்த்துவிட்டுத் தானே தைப்பவர்கள் கொஞ்சம், இவரிடம் கொடுத்தால் கெடுக்கமாட்டார் என்று நம்பி வருகிறவர்கள் நிறைய. இதே பெங்களூரில் 2010-ல் தொடங்கிய பங்குத் தரகு நிறுவனமான ஜெரோதா, பங்குச் சந்தைப் பாடங்களை வர்சிட்டி என்ற பெயரில் இலவசமாகவே வைத்தது. அதுவும் இதே சூத்திரம்தான்.

லட்சம் வியூஸ் வந்தால் தலைகால் புரியாமல் போவது இன்னொரு கதை. பாட்னாவில் பார்த்தவர் தொம்மலூருக்கு அளவு கொடுக்க வரமாட்டார். பக்கத்து இந்திராநகரில் 2021-ல் திறந்த ராமேஸ்வரம் கஃபேவுக்கு ரீல் பார்த்துவிட்டு ஊர்ஊராக வந்து வரிசையில் நிற்கிறார்கள். சரிதான், நெய் தோசைக்கு அளவெடுக்க வேண்டாமே! உணவு வீடியோக்காரருக்குப் பணமோ இலவசச் சாப்பாடோ கொடுத்துப் படம் எடுக்கவைத்தால், அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று விளம்பரத் தர மன்றம் 2021-லும் மத்திய அரசு 2023-லும் நெறிமுறை போட்டன. எத்தனை பேர் சொல்கிறார்கள் என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

ரோடு மாறுகிற பயம் மட்டும் போகவில்லை. 2018 ஜனவரியில் நண்பர், உறவினர் பதிவுகளுக்கே முன்னுரிமை என்று ஃபேஸ்புக் அறிவித்ததும், வருஷக்கணக்கில் லைக் சேர்த்த கடைப் பக்கங்கள் காசு கட்டாமல் கண்ணில் படுவது அரிதானது. 2020 ஜூன் 29 அன்று அரசு தடை செய்த 59 செயலிகளில் டிக்டாக்கும் ஒன்று. அதையே நம்பியிருந்தவர்கள் விடிந்தால் பூஜ்யம். அடுத்த மாதமே இன்ஸ்டாகிராம் இந்தியாவில் ரீல்ஸைக் கொண்டுவந்தது. மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டியதாயிற்று. இணையத்துக்கே வாசல் நாங்கள்தான் என்றிருந்த யாகூவின் பெங்களூர் அலுவலகம் இதே தொம்மலூரை ஒட்டிய எம்பசி கோல்ஃப் லிங்க்ஸில்தான் இருந்தது. 2014-ல் அங்கே நூற்றுக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். வாசல்காரர்களின் கதியே அதுவென்றால் வாசலில் கடை விரித்தவர்கள் எம்மாத்திரம்?

அதனால் விவரமானவர்கள் ரீலில் பிடித்த கூட்டத்தை உடனே வாட்ஸ்அப்புக்கு இழுத்துவிடுகிறார்கள். அதிலும் ஒரு முடிச்சு உண்டு: ஒரு பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேர்தான், அதுவும் கடை நம்பரைத் தங்கள் போனில் சேமித்தவர்களுக்கு மட்டுமே செய்தி போகும். ஆகவே ப்ளவுஸைக் கையில் கொடுக்கும்போதே, “நம்பர் சேவ் பண்ணிக்கோங்க அக்கா, பொங்கலுக்குப் புது டிசைன் அனுப்புறேன்” என்று சொல்லி, அவர் போனை எடுத்துச் சேமிக்கும் வரை பாக்கிச் சில்லறையை எண்ணிக்கொண்டே நிற்பார்கள்.