தங்கத் தட்டும் திருவோடும்

பெரம்பலூர் மாவட்டத்துப் பாடாலூர்ப் பக்கம் எழுபதைத் தாண்டியவர்களிடம், அந்தக் காலச் சினிமாப் பாட்டுக்காரர் எம்.கே.தியாகராஜ பாகவதர் பேரை எடுத்துப் பாருங்கள். கதை தங்கத் தட்டில் தொடங்கும், கோயில் வாசலில் முடியும். "தங்கத் தட்டுல சாப்பிட்ட மனுசன் தம்பி. கடைசில கண்ணு தெரியாம சமயபுரத்துல உக்காந்திருந்தாரு. யாருன்னே தெரியாம கையில காசு போட்டுட்டுப் போனாங்களாம்." இதைச் சொன்ன பெரியவர் வெங்காய மூட்டை ஏற்ற லாரிக்காகக் காத்திருந்தார். அவர் கண்ணால் பார்த்ததில்லை. அவருடைய அப்பாவும் பார்த்திருக்க மாட்டார். ஆனாலும் அந்தக் காசு விழுந்த சத்தத்தைக் காதால் கேட்டவர் போலத்தான் சொல்வார்.

இந்த வட்டாரத்துக்குப் பாகவதர் அந்நியர் இல்லை. 1995 வரை பெரம்பலூரும் அரியலூரும் திருச்சி மாவட்டம்தான். பாகவதரோ திருச்சிக்காரர். பிறந்தது மாயவரம் என்றாலும் வளர்ந்ததும் வாழ்ந்ததும் அடக்கமானதும் திருச்சி. திருச்சியிலிருந்து மதராசுக்குப் போக முக்கியமான வழி இரண்டு. ரயில் என்றால் அரியலூர், ரோடு என்றால் பாடாலூர். அந்த மனிதர் புகழுச்சியில் இருந்தபோதும் சரி, சிறையிலிருந்து வீடு திரும்பும்போதும் சரி, கடைசியில் உடலாக ஊருக்கு வந்தபோதும் சரி, பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்று வழியாகத்தான் வந்திருப்பார். அதனால்தானோ என்னவோ, இங்கே எல்லோரிடமும் ஆளுக்கொரு பாகவதர் கதை இருக்கிறது.

பொற்கொல்லர் குடும்பத்துப் பிள்ளை அவர். படிப்பில் மனம் ஒட்டவில்லை. பாட்டு, பாட்டு என்று திரிந்து ஒருமுறை வீட்டைவிட்டே ஓடி, கடப்பாவில் பாடிக்கொண்டிருந்தவரை அப்பா தேடிப் பிடித்துக் கூட்டிவந்தார். ரயில்வே அதிகாரியும் நாடகப் பித்தருமான எஃப்.ஜி.நடேச ஐயர் அந்தக் குரலைக் கேட்டு, அரிச்சந்திரன் நாடகத்தில் லோகிதாசனாக மேடையேற்றினார். பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தன. மேடையில் வெற்றி கண்ட 'பவளக்கொடி'யை 1934-இல் கே.சுப்ரமணியம் படமாக எடுத்தார். 1937-இல் வந்த 'சிந்தாமணி' எப்படி ஓடியது என்றால், அதில் வந்த லாபத்தில் மதுரையில் சிந்தாமணி என்றே ஒரு தியேட்டர் எழும்பியது. அதே ஆண்டு 'அம்பிகாபதி', அடுத்து 'திருநீலகண்டர்', 'அசோக்குமார்', 'சிவகவி'. பதினாலே படங்கள்தான் மொத்தக் கணக்கு. இன்றைய நடிகர் ஒருவர் நாலைந்து வருடத்தில் நடித்து முடிக்கிற எண்ணிக்கை.

அவருடைய பழைய புகைப்படம் ஒன்றை நிதானமாகப் பார்க்க வேண்டும். தோள்வரை சுருண்டு இறங்கும் தலைமுடி. அதை ஊர் ஊராக வாலிபர்கள் 'பாகவதர் கிராப்' என்று வெட்டிக்கொண்டார்கள். காதில் வைரக் கடுக்கன், நெற்றியில் பொட்டு, பட்டு ஜிப்பா, விரலெல்லாம் மோதிரம். ஜவ்வாது வாசனை படத்திலிருந்தே வருவது போலிருக்கும். தங்கத் தட்டு உண்மையோ பொய்யோ, பொன் வேலை செய்யும் வீட்டில் பிறந்தவர் பொன்னில் சாப்பிட்டார் என்று ஜனங்கள் நம்பியதில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது. அவரைப் பார்த்தாலே அப்படித்தான் தோன்றும்.

1944 தீபாவளிக்கு 'ஹரிதாஸ்' வந்தது. பெண்பித்துப் பிடித்துப் பெற்றோரை விரட்டும் செல்வந்தன், கால்களை இழந்து, திருந்தி, பக்தனாகிற கதை. டி.ஆர்.ராஜகுமாரி நடனத்துக்கு நடுவே உள்ளங்கையில் முத்தம் வைத்து ஊதிவிட, பாகவதர் பாட்டிலேயே மயங்கி நிற்கும் அந்தக் காட்சிக்காகவே திரும்பத் திரும்பக் கொட்டகைக்குப் போனவர்கள் உண்டு. மதராஸ் பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்ட படம். ஆனால் இரண்டாவது தீபாவளியையும் மூன்றாவதையும் கதாநாயகன் சிறையில்தான் கழித்தார்.

நடந்தது எல்லோருக்கும் தெரிந்த வழக்குதான், ஆனால் அதன் தொடக்கத்தைப் பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். சி.என்.லட்சுமிகாந்தன் என்பவர் 'சினிமா தூது' என்ற பத்திரிகை நடத்தினார். நடிகர் நடிகையரின் படுக்கையறைதான் அதன் சரக்கு. யார் வீட்டுக்கு யார் போனார், எத்தனை மணிக்குத் திரும்பினார் என்று பெயரைச் சொல்லியும் சொல்லாமலும் எழுதுவது. போடாமல் இருக்கக் காசு வாங்குவதும் உண்டு என்பார்கள். யுத்த காலம் என்பதால் பத்திரிகை நடத்த அரசாங்க லைசென்ஸ் தேவைப்பட்டது. பாகவதர், நகைச்சுவை நடிகர் என்.எஸ்.கிருஷ்ணன், கோவைப் பட இயக்குநர் ஸ்ரீராமுலு நாயுடு ஆகியோர் கவர்னர் ஆர்தர் ஹோப்பிடம் மனுக் கொடுத்தார்கள். 'சினிமா தூது' நின்றது. லட்சுமிகாந்தன் அசரவில்லை, 'இந்து நேசன்' என்ற பத்திரிகையைக் கைப்பற்றி அதே கடையை வேறு போர்டு மாட்டித் திறந்தார்.

விற்றது, நன்றாகவே விற்றது. வாங்கியது யார்? பாகவதரைப் பிடிக்காதவர்களா? 'ஹரிதாஸ்' டிக்கெட்டுக்கு முட்டி மோதியவர்கள்தான் வெளியே வந்து 'இந்து நேச'னையும் வாங்கிப் போனார்கள். திரையில் பார்த்த முகத்தின் பின்பக்கத்தையும் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை. வெறுப்பை விட அபிமானத்துக்குத்தான் இந்தப் பசி அதிகம். லட்சுமிகாந்தனின் தந்திரம் ஒன்றும் பெரிதில்லை. அந்தப் பசியைத் தெரிந்துவைத்திருந்தார், அவ்வளவே.

1944 நவம்பர் 8. வேப்பேரியில் கைரிக்ஷாவில் போய்க்கொண்டிருந்த லட்சுமிகாந்தனைக் கத்தியால் குத்தினார்கள். மறுநாள் ஜெனரல் ஆஸ்பத்திரியில் உயிர் போனது. டிசம்பருக்குள் பாகவதரும் கிருஷ்ணனும் ஸ்ரீராமுலு நாயுடுவும் சதிக் குற்றச்சாட்டில் கைது. 1945 மே மாதம் நாயுடு விடுதலை, மற்ற இருவருக்கும் ஆயுள் தண்டனை. ஐகோர்ட் அப்பீல் தள்ளுபடியானது. லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், வழக்கு மறுபடி ஐகோர்ட்டுக்கே திரும்பி, 1947 ஏப்ரலில் சாட்சியங்கள் நம்பத்தக்கவை அல்ல என்று இருவரும் விடுதலை செய்யப்பட்டார்கள். இரண்டேகால் வருடத்துக்கும் மேல் உள்ளே. உண்மையில் யார் பின்னால் இருந்தார்கள் என்பது இன்றைக்கும் துலங்கவில்லை.

விடுதலை ஆனவர் குற்றமற்றவர். சட்டம் அப்படித்தான் சொல்கிறது. ஊரில் அப்படியில்லை. கைதான உடனேயே கையில் இருந்த ஒப்பந்தங்கள் கழன்றுபோயின. வக்கீல் செலவில் சொத்து கரைந்தது. அதைவிட, எந்த மனிதனைப் பார்த்தால் ஜவ்வாது வாசனை வந்ததோ, அவனைப் பார்த்தால் இப்போது கம்பிக் கதவு ஞாபகம் வந்தது. சிறையைப் பற்றிப் பாகவதர் பொதுவில் பெரிதாக எதுவும் பேசியவரில்லை. அவர் பேசாத இடத்தையெல்லாம் மற்றவர்கள் இஷ்டத்துக்கு நிரப்பிக்கொண்டார்கள்.

'சிறைதான் அவரை அழித்தது' என்று ஒரே வரியில் முடிப்பது வழக்கம். எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. காரணம் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன். அதே வழக்கு, அதே தண்டனை, அதே நாளில் விடுதலை. வெளியே வந்தவுடன் 'பைத்தியக்காரன்' படத்தில் தோன்றினார், 'நல்லதம்பி'யில் நடித்தார், 'மணமகள்' படத்தை இயக்கினார், தமிழ்நாடு பழையபடி கைதட்டியது. ஏன்? கலைவாணர் ஒரு கூட்டத்தோடு இருந்தவர். அவர் உள்ளே இருந்த காலத்தில் மனைவி டி.ஏ.மதுரமும் எஸ்.வி.சகஸ்ரநாமமும் நாடகக் குழுவைக் கலையவிடாமல் காப்பாற்றினார்கள். சிரிக்க வைப்பவனுக்குச் சிறை ஒரு கறை இல்லை, இன்னொரு கதை. பாகவதருக்கோ முதல் என்று இருந்தவை இரண்டே. குரல் ஒன்று, மாசற்ற அழகு என்ற தோற்றம் ஒன்று. இரண்டாவதில் விரிசல் விழுந்தால் ஒட்டவைக்க ஆளில்லை. (கலைவாணரும் அள்ளிக் கொடுத்தே ஓய்ந்து, 1957-இல் ஐம்பதைத் தொடாமலே போனார் என்பது வேறு கதை.)

இன்னொன்றும் இருக்கிறது. அவர் உள்ளே போனபோது தமிழ்ப் படம் பாட்டால் ஆனது. வெளியே வந்தபோது வசனத்துக்கு மாறிக்கொண்டிருந்தது. நடிப்பவருக்குப் பாடத் தெரிய வேண்டியதில்லை, பின்னால் ஒருவர் பாடிக்கொள்வார் என்ற ஏற்பாடு வந்துவிட்டது. 1952-இல் அவருடைய 'அமரகவி' வந்தது. அதே ஆண்டு தீபாவளிக்கு 'பராசக்தி'. திருச்சி சங்கிலியாண்டபுரத்தில் வளர்ந்த ஒரு பையன் கோர்ட் கூண்டில் நின்று மூச்சுவிடாமல் பேசியதைக் கேட்ட ஜனம், பிறகு எந்தக் கதாநாயகனுக்காகவும் நாலு நிமிஷ ராக ஆலாபனைக்குப் பொறுமையாக உட்காரவில்லை. அண்ணாவின் 'சொர்க்கவாசல்' படத்துக்கு முதலில் பாகவதரைத்தான் கேட்டார்கள், நாத்திக வாடை அடிக்கும் வசனத்தைப் பேசமாட்டேன் என்று மறுத்துவிட்டார் என்று சொல்வதுண்டு. உண்மையானால், அவர் தோற்றது ஊரின் ஏச்சுக்கு மட்டும் இல்லை. தன் காலம் போய்விட்டது என்பதைத் தெரிந்தும் மாற மறுத்திருக்கிறார். அந்தப் பிடிவாதம் எனக்குப் பிடித்திருக்கிறது.

விடுதலைக்குப் பின் சொந்தமாக எடுத்த 'ராஜமுக்தி' 1948-இல் வந்தது. புனேயில் படப்பிடிப்பு. வசனம் எழுதப் போனவர் புதுமைப்பித்தன். அங்கே காசநோய் முற்றி, அதே வருடம் ஜூன் 30 அன்று திருவனந்தபுரத்தில் இறந்தார். படமும் தேறவில்லை. தமிழின் பெரிய கதைக்காரர் ஒருவரும் பெரிய பாட்டுக்காரர் ஒருவரும் சேர்ந்து கையைச் சுட்டுக்கொண்ட அந்தப் படத்தைப் பற்றி யாராவது தனியாக ஒரு புத்தகம் எழுதலாம். 'சியாமளா', தானே இயக்கிய 'புது வாழ்வு', எதுவும் கைகொடுக்கவில்லை.

உடம்பை வாட்டியது சர்க்கரை வியாதி. பாடாலூரிலிருந்து ஊட்டத்தூர் கோயிலுக்குத் திரும்பும் முக்கில் இன்றைக்கும் வெளியூர்க் கார்கள் நின்று வழி கேட்கும். சிறுநீரகக் கோளாறுக்காக அங்கே நடராஜரை வேண்டி வருகிறவர்களில் பலர் சர்க்கரைக்காரர்கள்தான். இனிப்பை ஒழித்தால் போதும், யாரோ சொன்ன கஷாயம் குடித்தால் போதும் என்று வருஷக்கணக்கில் தள்ளிப்போட்டவர்கள். பாகவதருக்கும் அதே நோய்தான். பார்வை மங்கியது. அந்த நிலையிலும் கச்சேரி செய்தார். குரல் கடைசிவரை கைவிடவில்லை என்று கேட்டவர்கள் சொல்வார்கள். 1959-இல் பொள்ளாச்சிக்குப் பாடப் போன இடத்தில், சர்க்கரையைத் தீர்ப்பதாகச் சொல்லி ஒருவர் கொடுத்த மருந்தைச் சாப்பிட்டார் என்றும், அதன் பிறகே நிலைமை மோசமானது என்றும் சொல்லப்படுகிறது. நவம்பர் 1 அன்று சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியில் முடிந்தது. வயது 49. பதினைந்து வருடத்துக்கு முன் லட்சுமிகாந்தன் உயிர்விட்ட அதே ஆஸ்பத்திரி. திருச்சி சங்கிலியாண்டபுரத்தில் சமாதி. கடைசிப் படம் 'சிவகாமி' அடுத்த ஆண்டு திரைக்கு வந்தது.

இதில் திருவோடு எங்கே வருகிறது? கடைசிவரை மேடையேறிப் பாடிச் சம்பாதித்த மனிதர். வருமானம் சுருங்கியது, வசதி போனது, பார்வை மங்கியது, எல்லாம் நிஜம். ஆனால் தங்கத் தட்டுக்காரன் கோயில் வாசலில் காசு வாங்கினான் என்றால்தான் கேட்பவருக்கு 'ஐயோ' வரும். எவ்வளவு உயரத்திலிருந்து எவ்வளவு பள்ளத்தில் விழுந்தான் என்று அளந்து பார்ப்பதில் ஒரு சுகம் இருக்கிறது. அந்தச் சுகத்துக்கும் 'இந்து நேச'னைப் புரட்டிய சுகத்துக்கும் எவ்வளவு தூரம் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பரிதாபப்பட்டுச் சொன்னாலும் வம்பு வம்புதான். வெங்காயப் பெரியவரிடம் இதைச் சொன்னேன். "அட போ தம்பி, நீ என்னா கோர்ட்டு வக்கீலு மாதிரி பேசுற" என்று சிரித்துவிட்டு லாரி வருகிறதா என்று பார்க்கப் போய்விட்டார்.

வாரிசுகளுக்கும் இந்தக் கதை சுமையாகத்தான் இருக்கிறது. 2021-இல் வறுமையில் இருந்த ஒரு பேரன் குடும்பத்துக்குத் தமிழக அரசு வீடும் 5 லட்சம் ரூபாயும் கொடுத்தது. திருச்சியில் அவருக்கு மணிமண்டபமும் எழுந்தது. 2025 நவம்பரில் துல்கர் சல்மான் நடித்த 'காந்தா' வந்தபோது, அது பாகவதர் வாழ்க்கைதான் என்று பேச்சு கிளம்ப, பேரன் ஒருவர் தாத்தாவைத் தவறாகக் காட்டுகிறார்கள் என்று சென்னையில் வழக்குப் போட்டார். கற்பனைக் கதை என்றது படத் தரப்பு. அன்று தன்னைப் பற்றி எழுதியதை நிறுத்தச் சொல்லிக் கவர்னரிடம் மனுவோடு போனவர் தாத்தா. எண்பது வருடம் கழித்துப் பேரன் மனுவோடு கோர்ட்டுக்குப் போயிருக்கிறார். படம் அறிவித்த தேதியில் வெளியானது.