நீலகிரித் தேயிலை வருமானமும் வருமான வரித் தாக்கல் காலக்கெடுவும்

நீலகிரி மாவட்டத்தில் தேயிலை பயிரிடுவோர், தேயிலைத் தொழிற்சாலை நடத்துவோர், தோட்ட நிறுவனங்கள் ஆகியோரின் வருமானம் இந்திய வரிச் சட்டத்தில் தனித்த இடம் பெற்றுள்ளது. தேயிலை ஒரே நேரத்தில் வேளாண் விளைபொருளாகவும் தொழிற்சாலைப் பொருளாகவும் இருப்பதே இதற்குக் காரணம். யார் விவரத்தாள் தாக்கல் செய்ய வேண்டும், எந்தப் படிவத்தில், எந்தத் தேதிக்குள் என்பது அந்த வருமானம் எவ்வாறு வகைப்படுத்தப்படுகிறது என்பதைப் பொறுத்தே அமைகிறது.

அரசியலமைப்புப் பின்னணி

இந்தியாவில் மாநிலங்களுக்குப் பொதுவான வருமான வரி கிடையாது. அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையில், வேளாண் வருமானம் தவிர்ந்த பிற வருமானத்தின் மீதான வரி ஒன்றியப் பட்டியலின் 82ஆம் பதிவிலும், வேளாண் வருமானத்தின் மீதான வரி மாநிலப் பட்டியலின் 46ஆம் பதிவிலும் இடம்பெற்றுள்ளன. இந்த அதிகாரத்தைப் பயன்படுத்தி அன்றைய சென்னை மாநிலம் 1955இல் தோட்டப் பயிர்களின் வேளாண் வருமானத்துக்கு வரி விதிக்கும் சட்டத்தை இயற்றியது. அது பின்னர் தமிழ்நாடு வேளாண் வருமான வரிச் சட்டம் எனப் பெயர் பெற்றது.

செடியில் கிள்ளப்படும் பச்சை இலை வேளாண் விளைபொருள். அதை வாட்டி, உருட்டி, நொதிக்கவைத்து, உலர்த்தித் தூளாக்குவது தொழில். இரண்டையும் ஒருவரே செய்யும்போது இலாபத்தில் எவ்வளவு நிலத்தால் வந்தது, எவ்வளவு ஆலையால் வந்தது என்று பிரிப்பது கடினம். இச்சிக்கலைத் தீர்ப்பதே 1962ஆம் ஆண்டு வருமான வரி விதிகளின் 8ஆம் விதி.

60க்கு 40 பங்கீடு

8ஆம் விதியின்படி, தாமே பயிரிட்ட இலையைத் தாமே பதப்படுத்தி விற்பவரின் வருமானம் முழுவதும் முதலில் தொழில் வருமானம் போலக் கணக்கிடப்படும். அதில் 40 சதவீதத்துக்கு ஒன்றிய அரசு வரி விதிக்கும். மீதி 60 சதவீதம் வேளாண் வருமானமாகக் கொள்ளப்படும். எடுத்துக்காட்டாக, குன்னூரில் தோட்டமும் ஆலையும் உள்ள நிறுவனம் ஒன்றின் தேயிலை வருமானம் 50 இலட்சம் ரூபாய் எனில், 20 இலட்சம் ஒன்றிய வருமான வரிக்கு உட்படும். 30 இலட்சம் வேளாண் வருமானம்.

60 சதவீதப் பங்குக்கு வரி விதிக்கும் அதிகாரம் மாநிலத்துக்கே உண்டு. அந்த வரி உண்டா, எந்த விகிதத்தில் என்பது அந்தந்த மாநிலச் சட்டத்தையும் அரசாணைகளையும் பொறுத்தது. மாநில அதிகாரிகள் தம் விருப்பப்படி வேறொரு வருமானத் தொகையைக் கணக்கிட முடியாது, ஒன்றிய வருமான வரி அலுவலர் கணக்கிட்ட தொகையின் 60 சதவீதத்தையே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று ஆங்கிலோ-அமெரிக்கன் டைரக்ட் டீ டிரேடிங் கம்பெனி வழக்கில் உச்ச நீதிமன்றம் 1968இல் தீர்ப்பளித்தது.

சிறு விவசாயிகளின் நிலை

நீலகிரியில் பச்சை இலையை மட்டும் விற்கும் சிறு விவசாயிகள் ஆயிரக்கணக்கில் உள்ளனர். 10.12 எக்டேர், அதாவது 25 ஏக்கர் வரை வைத்திருப்போரைத் தேயிலை வாரியம் சிறு விவசாயிகள் என வகைப்படுத்துகிறது. இவர்கள் இலையைத் தனியார் கொள்முதல் ஆலைகளுக்கோ, 1965இல் தொடங்கப்பட்டுக் குன்னூரைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கும் இன்கோசர்வ் இணையத்தின் கூட்டுறவுத் தொழிற்சாலைகளுக்கோ அளிக்கின்றனர்.

இவர்களுக்கு 40 சதவீதக் கணக்கு பொருந்தாது. பச்சை இலை விற்ற வருமானம் முழுவதும் வேளாண் வருமானம். 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 10(1) பிரிவின்படி அதற்கு விலக்கு உண்டு. உருளைக்கிழங்கு, கேரட், முட்டைக்கோசு போன்ற மலைக் காய்கறிகளை விளைவித்து விற்பதற்கும், நாற்றங்காலில் வளர்த்த நாற்றுகளை விற்பதற்கும் இதுவே பொருந்தும். மறுபுறம், பிறரிடம் இலை வாங்கித் தூளாக்கும் ஆலையின் இலாபம் முழுவதும் தொழில் வருமானம். தோட்டத்து வீட்டைச் சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விட்டுப் பெறும் தொகையும் வேளாண் வருமானம் ஆகாது. நிலம் தேயிலை நிலமாக இருந்தாலும், அந்தப் பணம் பயிரால் வந்ததன்று.

சம்பளமும் தேயிலையும் சேர்ந்தால்

ஆசிரியராகவோ வங்கி ஊழியராகவோ பணியாற்றிக்கொண்டே குடும்பத் தோட்டத்தையும் பார்ப்பவர்கள் இம்மாவட்டத்தில் பலர். வேளாண் வருமானம் 5,000 ரூபாயைத் தாண்டி, பிற வருமானமும் அடிப்படை விலக்கு வரம்பைத் தாண்டினால், வரி விகிதத்தைத் தீர்மானிக்க மட்டும் வேளாண் வருமானம் சேர்த்துக்கொள்ளப்படும்.

2025-26 நிதியாண்டுக்கான புதிய வரி முறையில் ஒருவரின் சம்பள வருமானம் கழிவுகள் போக 14 இலட்சம், பச்சை இலை வருமானம் 3 இலட்சம் எனக் கொள்வோம். 17 இலட்சத்துக்கான வரி 1,40,000 ரூபாய். விலக்கு வரம்பான 4 இலட்சத்துடன் வேளாண் வருமானம் 3 இலட்சத்தைக் கூட்டி, அந்த 7 இலட்சத்துக்கான வரியான 15,000 ரூபாயைக் கழித்தால் 1,25,000 ரூபாய் வரும். தேயிலை வருமானம் இல்லாவிட்டால் அவர் கட்ட வேண்டியது 90,000 மட்டுமே (இரண்டிலும் 4 சதவீத மேல்வரி தனி). தேயிலைக்கு நேரடி வரி இல்லாவிட்டாலும் அதைக் காட்டாமல் விடுவது 35,000 ரூபாய் வரியைக் குறைத்துக் காட்டுவதாகிவிடும்.

இத்தகையோர் எளிய முதல் படிவத்தைப் (ஐடிஆர்-1) பயன்படுத்த முடியாது. வேளாண் வருமானம் 5,000 ரூபாய்க்கு மேல் இருந்தால், தொழில் வருமானம் இல்லாத தனிநபருக்கு ஐடிஆர்-2 உரியது. வேளாண் வருமானம் 5 இலட்சத்தைத் தாண்டினால் நிலத்தின் மாவட்டம், பரப்பு, சொந்தமா குத்தகையா, பாசன நிலமா மானாவாரியா ஆகிய விவரங்களையும் தர வேண்டும். நிறுவனங்களுக்கும் கூட்டு வணிகங்களுக்கும் இந்தச் சேர்க்கைக் கணக்கு கிடையாது.

முக்கியக் காலக்கெடுக்கள்

1961ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் 2025-26 மதிப்பீட்டு ஆண்டு வரை நடைமுறையில் இருந்த பொதுவான தேதிகள்:

- ஜூலை 31: கணக்குத் தணிக்கை தேவைப்படாத தனிநபர்கள், இந்துக் கூட்டுக் குடும்பங்கள்.
- செப்டம்பர் 30: தணிக்கை அறிக்கை தாக்கல்.
- அக்டோபர் 31: நிறுவனங்கள், தணிக்கைக்கு உட்பட்ட தொழில்கள்.
- டிசம்பர் 31: தாமத விவரத்தாள், திருத்திய விவரத்தாள்.

இத்தேதிகள் அவ்வப்போது நீட்டிக்கப்படுவதுண்டு. 2025-26 மதிப்பீட்டு ஆண்டில் ஜூலை 31 என்பது செப்டம்பர் 16 வரை நீட்டிக்கப்பட்டது. 2026 ஏப்ரல் 1 முதல் 2025ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வருவதாலும், ஆண்டுதோறும் நிதிச் சட்டம் மாற்றங்கள் செய்வதாலும், அந்தந்த ஆண்டுக்குரிய தேதியை வருமான வரித் துறையின் இணையதளத்தில் சரிபார்ப்பது அவசியம்.

ஆண்டு வரி 10,000 ரூபாயை எட்டினால் முன்கூட்டிய வரியும் செலுத்த வேண்டும். ஜூன் 15க்குள் 15 சதவீதம், செப்டம்பர் 15க்குள் 45, டிசம்பர் 15க்குள் 75, மார்ச் 15க்குள் 100 சதவீதம் என்பது அதன் ஒழுங்கு.

தேயிலைக்கே உரிய கெடு ஒன்றும் உண்டு. 33ஏபி பிரிவின்படி, தேயிலை பயிரிட்டுப் பதப்படுத்துவோர் தேயிலை மேம்பாட்டுக்கென நபார்டு வங்கியிலோ தேயிலை வாரியத்தின் ஒப்புதல் பெற்ற திட்டக் கணக்கிலோ பணம் செலுத்தினால், இலாபத்தில் 40 சதவீதம் வரை கழிவு பெறலாம். நிதியாண்டு முடிந்து 6 மாதத்துக்குள், அல்லது விவரத்தாளின் கடைசித் தேதிக்குள், இவற்றில் எது முந்தியதோ அதற்குள் பணம் செலுத்தப்பட வேண்டும். தோட்ட நிறுவனங்களுக்கு இது செப்டம்பர் 30 ஆகிறது. புதிய வரி முறையில் உள்ள தனிநபருக்கு இக்கழிவு இல்லை. பழைய முறையை விரும்பும் தொழில் வருமானக்காரர் அதற்கான 10-ஐஇஏ படிவத்தைக் கெடுவுக்குள் அளித்தாக வேண்டும்.

தாமதத்தின் விளைவுகள்

கெடு தவறினால் 5,000 ரூபாய் வரை கட்டணம் உண்டு. மொத்த வருமானம் 5 இலட்சத்துக்கு மிகாதவருக்கு 1,000 ரூபாய். செலுத்தாத வரிக்கு மாதம் 1 சதவீத வட்டியும் சேரும். தோட்டத் தொழிலுக்கு இவற்றைவிடப் பெரிய இழப்பு வேறொன்று: தொழில் நட்டத்தை அடுத்த ஆண்டுகளுக்கு எடுத்துச் செல்லும் உரிமை போய்விடும். பனிப்பொழிவாலோ விலைச் சரிவாலோ நட்டமடைந்த தோட்டம், வருமானமே இல்லையென்று தாக்கலைத் தள்ளிப்போட்டால், பின்னர் இலாபம் வரும் ஆண்டில் அந்த நட்டத்தைக் கழிக்க முடியாது.

தொழில் வரி

வருமான வரியோடு பலர் குழப்பிக்கொள்வது தொழில் வரி. இதை உள்ளாட்சி அமைப்புகள் அரையாண்டுக்கு ஒருமுறை, செப்டம்பரிலும் மார்ச்சிலும் முடியும் காலங்களுக்கு வசூலிக்கின்றன. உதகமண்டலம், குன்னூர் நகராட்சிகளிலும் ஊராட்சிகளிலும் சம்பளக்காரர்களுக்கு வேலை தருபவரே பிடித்துச் செலுத்துவார். வணிகர்கள் தாமே செலுத்த வேண்டும். அரசியலமைப்பின் 276ஆம் பிரிவின்படி இது ஒருவருக்கு ஆண்டுக்கு 2,500 ரூபாயைத் தாண்டக் கூடாது. தொழில் வரி செலுத்திய இரசீது வருமான வரி விவரத்தாளுக்கு மாற்று ஆகாது.