நாயும் நாமும் – 14: குடைக்குக் குரைத்த நாய்

பார்வையற்றவரான ஸ்டீவன்ஸ் சானும் அவருடைய வழிகாட்டி நாய் லஷாவ்னும் கடை வாசல்களில் தடுக்கப்பட்ட கதை நினைவிருக்கும். இந்த வாரம், அத்தகைய பணிகளுக்கான பயிற்சியை முடிக்காத நாய்களைத் தத்தெடுப்பது.

“தோற்ற நாயில் ஏதோ குறை இருக்குமே, பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு ஆகுமா?” என்று கூலிம் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார். பெரும்பாலும் ஆகும். 2017இல் அமெரிக்காவின் சிஐஏ, லூலு என்ற கறுப்பு லாப்ரடாரைப் பயிற்சியிலிருந்து விடுவித்தது. வெடிமருந்தை மோப்பம் பிடிப்பதில் அவளுக்கு நாட்டம் போய்விட்டது. பழக்கியவரே வீட்டுக்கு அழைத்துக்கொண்டார். ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் கேவல் என்ற போலீஸ் நாய்க்குட்டி எல்லாரிடமும் ஒட்டிக்கொண்டது. அதனால் வேலை போய், ஆளுநர் மாளிகையில் விருந்தினரை வரவேற்கும் பொறுப்பு கிடைத்தது.

இந்த வாரம் என்னைப் பிடித்துக்கொண்டது வேறு. 1929இல் தொடங்கிய ‘தி சீயிங் ஐ’ வழிகாட்டி நாய்ப் பள்ளியில், எமிலி பிரே என்ற ஆய்வாளரின் குழு 23 தாய் நாய்களையும் அவற்றின் 98 குட்டிகளையும் முதல் ஐந்து வாரம் கவனித்தது. சில தாய்கள் படுத்தபடி பால் கொடுத்தன. குட்டிகளுக்குச் சிரமமே இல்லை. சில, உட்கார்ந்தோ நின்றோ கொடுத்தன. குட்டிகள் எட்டி, முண்டித்தான் குடிக்க வேண்டும். முண்டிக் குடித்தவையே பிறகு அதிகம் தேறின. ஓயாமல் நக்கி அணைத்த தாய்களின் குட்டிகள் அதிகம் தவறின. 2017இல் வெளியான முடிவு இது. வளர்ந்த பின் எதிரே குடையைப் பட்டென விரித்தும் பார்த்தார்கள். சட்டென்று குரைத்த நாய்கள் தேறுவது குறைவாக இருந்தது.

பீடோங், பாடாங் செராய்த் தோட்டங்களில் அந்தக் குரைப்புக்காகவே நாய் வளர்த்தார்கள். விடியுமுன் பெரியவர்கள் பால்மரம் வெட்டப் போய்விட்டால், லயத்து வீட்டுக்குக் காவல் அதுதான். அங்கே தகுதியாக இருந்த குணம் இங்கே தகுதிக் குறைவாகிறது. நாய் மாறவில்லை, கேட்கும் வேலைதான் மாறியது.

எனவே வயதையும் இனத்தையும் விசாரிக்குமுன், ஏன் விடுவித்தார்கள் என்று கேளுங்கள். மூட்டுக் கோளாறு என்றால் மருத்துவச் செலவைக் கணக்கிடுங்கள். அணிலைத் துரத்தும் நாயென்றால், உடும்பும் குரங்கும் திரியும் செம்பனைத் தோட்ட ஓரத்தில் கயிறில்லாமல் விடாதீர்கள். வெடிச்சத்தத்துக்கு நடுங்கும் நாயென்றால் சுங்கை பட்டாணியில் தீபாவளி வாரம் அதற்குப் பெருந்துன்பம். உள்ளறை ஒன்றைத் தயார் செய்யுங்கள். பல பள்ளிகளில் குட்டியிலிருந்து வளர்த்த குடும்பத்துக்கே முதல் உரிமை. மற்றவர்கள் காத்திருக்க வேண்டியிருக்கும்.

நகராண்மைக் கழக உரிமம், முஸ்லிம் அண்டை வீட்டாரோடு இணக்கம் ஆகியவற்றை இந்த வாரமே எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். 2015இல் பெர்லிஸ், கெடா, பினாங்கில் வெறிநாய்க்கடி நோய் தலைதூக்கியதையும் சேர்த்தால்தான் அது முழுமையாகும். மூன்றும் அடுத்த வாரம். கூலிம் வாசகி அதற்குள் நாயைக் கொண்டுவந்துவிட்டால், தடுப்பூசியை மட்டும் தள்ளிப்போட வேண்டாம்.

(தொடரும்)