உங்களுக்குத் தெரியுமா? எஃப்.சி.க்குப் போகும் பழைய கார்

ஷெட்டில் பல வருடம் நின்றுவிட்ட அம்பாசிடரையோ பத்மினியையோ மறுபடி ரோட்டுக்குக் கொண்டுவர நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் பெயின்டருக்குத்தான் அட்வான்ஸ் கொடுக்கிறார்கள். பிரேக் இன்ஸ்பெக்டர் வண்டியின் பளபளப்புக்கு மார்க் போடுவதில்லை. அவர் குனிந்தும், தட்டியும், ஆட்டியும் பார்க்கும் இடங்கள் வேறு. அந்த இடங்களைப் பற்றிய துணுக்குகள் இவை.

● சொந்தக் காரின் ஆர்.சி. 15 ஆண்டுக்குச் செல்லும். பிறகு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வண்டியைக் காட்டி, ஓடத் தகுதியானது என்று தேறினால் 5 ஆண்டுக்குப் புதுப்பித்துத் தருவார்கள். அது முடிந்ததும் மறுபடி 5 ஆண்டு. பேச்சில் நாம் எஃப்.சி. என்று சொல்வது இதைத்தான். இத்தனை முறைதான் புதுப்பிக்கலாம் என்று மோட்டார் வாகனச் சட்டத்தில் உச்சவரம்பு எதுவும் இல்லை. "15 வருஷம் ஆச்சுன்னா உடைச்சே ஆகணும்" என்று சொல்லி அடிமாட்டு விலைக்கு வண்டியைக் கேட்பவர்களை நம்பாதீர்கள். 2023 ஏப்ரல் முதல் 15 ஆண்டு கடந்த வண்டிகளைக் கட்டாயம் ஓரங்கட்டச் சொன்னது அரசுத் துறைகளின் வண்டிகளுக்கு மட்டும்தான். டெல்லி வட்டாரத்தில் பழைய வண்டிகளுக்கு உள்ள கட்டுப்பாடு அந்த வட்டாரத்துக்கு மட்டும் உரியது.

● கட்டணம் மட்டும் பலமாக ஏறியிருக்கிறது. காரின் ஆர்.சி.யைப் புதுப்பிக்க 600 ரூபாயாக இருந்தது, 2022 ஏப்ரல் 1 முதல் 5,000 ஆனது. 20 வயது தாண்டிய கார்களுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாய் என்று அறிவித்தார்கள். தமிழ்நாட்டில் பசுமை வரி தனி.

● பல வருடம் நின்ற வண்டியை ஆசையோடு செல்ஃப் அடிக்காதீர்கள். சிலிண்டர் சுவரில் எண்ணெய் வற்றி, பிஸ்டன் ரிங் துருவோடு ஒட்டியிருக்கலாம். பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் கொஞ்சம் எண்ணெய் விட்டு ஓரிரு நாள் ஊறவைத்து, பிறகு கையால் என்ஜினைச் சுற்றிப் பாருங்கள். டாங்கில் கிடக்கும் பழைய பெட்ரோலை ஒரு சொட்டு விடாமல் இறக்கிவிட வேண்டும். அது பிசினாகிக் கார்புரேட்டரின் ஜெட்டை அடைத்துக்கொள்ளும்.

● பழைய அம்பாசிடரிலும் பத்மினியிலும் நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக்தான். அதைவிட முக்கியமான செய்தி ஒன்று உண்டு. நான்கு சக்கரங்களுக்கும் சேர்த்து ஒரே ஆயில் பாதை. ஒரு வீல் சிலிண்டரில் ரப்பர் கப் கிழிந்து ஆயில் வெளியேறினால் நான்கு பிரேக்கும் ஒன்றாகப் போய்விடும், பெடல் தரையைத் தொடும். இன்றைய கார்களில் பாதை இரண்டாகப் பிரிந்திருப்பதால் ஒன்று போனாலும் மற்றது வண்டியை நிறுத்தும். பழைய வண்டியில் அந்த இரண்டாவது வாய்ப்பு இல்லை. மிச்சம் இருப்பது ஹேண்ட் பிரேக் மட்டுமே. அதனால் ஹேண்ட் பிரேக் கேபிளை "பார்க்கிங்குக்குத்தானே" என்று அலட்சியமாக விடக் கூடாது.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணம் உள்ளது. டாட் 3 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தரவிதி. ஈரம் ஏறியபின் அந்த அளவு 140 டிகிரியாக இறங்கிவிடுகிறது. மலைப்பாதையில் இறங்கும்போது டிரம் சூடேறி, ஆயில் கொதித்து, பைப்பில் ஆவி நிறைந்தால் பெடலை எவ்வளவு மிதித்தும் பலன் இல்லை. அதே ஈரம் நின்ற வண்டியின் வீல் சிலிண்டரை உள்ளிருந்து துருப்பிடிக்க வைத்து பிஸ்டனை இறுக்கிவிடும். என்ஜின் ஆயில் ஒரு சொட்டு பிரேக்கில் கலந்தாலும் ரப்பர் கப்புகள் ஊதிப்போகும். ஆகவே இந்த வேலையில் பாதி வழியில் நிற்காதீர்கள். மாஸ்டர் சிலிண்டர், நான்கு வீல் சிலிண்டர், ரப்பர் ஹோஸ், லைனர் எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் மாற்றுங்கள். டிரம்மை லேத்தில் கொடுத்து வட்டம் பார்த்து வாங்குங்கள். ரெஸ்டோரேஷன் பட்ஜெட்டில் முதல் ரூபாய் போக வேண்டியது இங்கேதான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

● பிரிட்டனில் கார்களுக்கான ஆண்டுச் சோதனை 1960 செப்டம்பரில் தொடங்கியது. அப்போது 10 வயது தாண்டிய வண்டிகளுக்கு மட்டும்தான். பார்த்தவையும் மூன்றே: பிரேக், விளக்கு, ஸ்டியரிங். 1967-க்குள் அந்த வயது 3 ஆகக் குறைந்துவிட்டது. அங்கே அதை எம்.ஓ.டி. என்கிறார்கள்.

● அந்த எம்.ஓ.டி. சோதகர் கையில் ஒரு சின்ன பிளாஸ்டிக் சுத்தி இருக்கும். துருவைச் சோதிக்கும் கருவி அது. வண்டியின் அடிப்பாகத்தைத் தட்டிக்கொண்டே போவார். கெட்டியான தகடு கணீரென்று ஒலிக்கும், துரு தின்ற தகடு சத்தமில்லாமல் அமுங்கும். சீட் பெல்ட், சஸ்பென்ஷன், ஸ்டியரிங், பிரேக் ஆகியவை பாடியோடு சேரும் இடங்களிலிருந்து 30 சென்டிமீட்டர் தூரத்துக்குள் கனத்த துரு இருந்து தகடு வலுவிழந்திருந்தால் வண்டி தேறாது.

அங்கே ஒட்டுப்போடும் வேலைக்கும் கறாரான விதி உண்டு. பாரம் தாங்கும் இடத்தில் துருத் தகட்டை வெட்டிவிட்டு அதே கனமுள்ள புதுத் தகட்டை வைத்து, சுற்றிலும் இடைவெளி விடாமல் வெல்டிங் செய்ய வேண்டும். அங்கங்கே பொட்டு வைத்தால் போதாது. ஃபைபர், பட்டி இரண்டுக்கும் அங்கே இடமில்லை. நம் ஊரில் டிங்கரிங் முடித்துப் பட்டி பூசிப் பெயின்ட் அடித்த வண்டி ஆறு மாதத்தில் கொப்பளிப்பதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். துருவுக்கு மேலேயே பட்டி பூசியதன் பலன் அது. அம்பாசிடருக்குத் தனிச் சேஸிஸ் கிடையாது, பாடியே வண்டியைத் தாங்கும் எலும்பு. கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டிப் பகுதியும், தரை விரிப்புக்கு அடியிலுள்ள தகடும் அழுகிவிட்டால் மேலே எவ்வளவு பளபளத்தாலும் வண்டி பலவீனமானதுதான். சென்னை போன்ற கடலோர ஊரில் நின்ற வண்டி என்றால் தரை விரிப்பைத் தூக்கிப் பார்க்காமல் விலை பேசாதீர்கள்.

● ஸ்டியரிங்கில் பிளே எங்கே என்று நீங்களே கண்டுபிடிக்கலாம். முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு வைத்துவிட்டு, சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றால் கோளாறு வீல் பேரிங்கில். நிற்காவிட்டால் கிங்பின்னிலோ சஸ்பென்ஷன் புஷ்ஷிலோ. இடதும் வலதுமாகப் பிடித்து ஆட்டும்போது ஆட்டம் வந்தால் டை ராடு எண்டையும் ஸ்டியரிங் பாக்ஸையும் பாருங்கள்.

● ஸ்டாண்டர்டு ஹெரால்டு சென்னையில் செய்யப்பட்ட கார். 1961-இல் தொடங்கி, வண்டலூர்ப் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலையில் உருவானது. மூலம் பிரிட்டனின் ட்ரையம்ஃப் ஹெரால்டு, வடிவமைத்தவர் இத்தாலியரான ஜியோவன்னி மிக்கேலோத்தி. பிரிட்டனில் இதற்கு இரண்டு பக்கக் கதவுகள்தான். நான்கு கதவு ஹெரால்டு இந்தியாவுக்கே உரியது. தனிச் சேஸிஸ் மேல் பாடியைப் போல்ட் போட்டுப் பொருத்தியிருப்பதால் பழுது பார்க்க இதைவிட வசதியான கார் குறைவு. பானட்டும் மட்கார்டும் ஒரே துண்டாக முன்பக்கம் சாயும், என்ஜின் மூன்று பக்கமும் திறந்து நிற்கும்.

ஆனால் ஒரு ஆபத்தும் அதிலேயே இருக்கிறது. முன்சக்கரம் திரும்பும் அடிமூட்டில் வெண்கல டிரன்னியன் ஒன்று உண்டு. அதற்குக் கெட்டியான கியர் ஆயில் விட வேண்டும். நிப்பிள் இருக்கிறதே என்று கிரீஸ் அடித்து விடுகிறார்கள். கிரீஸ் உள்ளே மரைக்குள் சரியாகப் போய்ச் சேராது. ஈரம் தங்கி, துருப்பிடித்து, ஒருநாள் திருப்பத்தில் டிரன்னியனுக்குள் மரையோடு இறங்கும் இரும்புத் தண்டு முறிந்து சக்கரம் மடங்கிவிடும். ஹெரால்டு வாங்குபவர்கள் வேறு எதை மறந்தாலும் இதை மறக்கக் கூடாது.

● அம்பாசிடர், பத்மினி, புல்லட் மூன்றின் முகவிளக்கும் 7 அங்குல வட்டம். உலகம் முழுக்கப் பரவிய அளவு அது. அதனால் இன்றும் புது விளக்கு எளிதாகக் கிடைக்கிறது. மங்கலாக எரிந்தால் உடனே பல்பைக் குற்றம் சொல்லாதீர்கள். பெரும்பாலும் எர்த் ஒயர் பாடியோடு சேரும் இடத்தில் துரு இருக்கும். அதைச் சுரண்டிவிட்டு இறுக்கினாலே பாதி வெளிச்சம் திரும்பிவிடும். ஹாலஜனுக்காகச் செய்த ரிஃப்ளெக்டரில் எல்.இ.டி. பல்பைத் திணித்தால் ஒளி சிதறி எதிரே வருபவர் கண்ணைக் கூசவைக்கும்.

● டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்தது. மூன்றே இலக்கம் இருந்தால் அது 2000-க்கு முந்தைய டயர், பட்டன் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் கழற்றிவிடுங்கள்.

● 2000 பிப்ரவரி 1 முதல் இந்தியா முழுவதும் ஈயம் கலக்காத பெட்ரோல்தான். பழைய இரும்பு ஹெட் என்ஜின்களில் வால்வு சீட் தேயாமல் காத்தது அந்த ஈயம். ஹெட்டை இறக்கும் வேலை வந்தால் கடினமாக்கப்பட்ட வால்வு சீட் போட்டுவிடுவது நல்லது. இப்போது அடுத்த மாற்றம் வந்திருக்கிறது. பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் பழைய ரப்பர் ஹோஸை இளக்கி வெடிக்க வைக்கும். சூடான என்ஜின் மேல் பெட்ரோல் ஒழுகினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. எத்தனால் தாங்கும் ஹோஸ் மீட்டர் சில நூறு ரூபாய்தான், அதில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

● புகைச் சோதனைக்குப் பயப்படத் தேவையில்லை. பிஎஸ்-2 விதிக்கு முந்தைய பெட்ரோல் காருக்கு வரம்பு தாராளமானது: கார்பன் மோனாக்சைடு 3 சதவீதம், ஹைட்ரோகார்பன் 1,500 பி.பி.எம். ஏர் ஃபில்டரும் சோக்கும் கார்புரேட்டர் டியூனிங்கும் சரியாக இருந்தால் பத்மினி தேறிவிடும். கறுப்புப் புகை வந்தால் பெட்ரோல் அதிகம், நீலப் புகை வந்தால் என்ஜின் ஆயில் எரிகிறது. பின்னதற்கு டியூனிங் போதாது.

● சேஸிஸ் நம்பரை இன்ஸ்பெக்டர் பென்சில் பிரிண்ட் எடுத்து ஆர்.சி.யோடு ஒப்பிடுவார். துருவோ பெயின்டோ எண்ணை மறைத்திருந்தால் வேலை நின்றுவிடும். எண் மங்கியிருக்கிறதே என்று நீங்களாகப் பஞ்ச் அடிக்காதீர்கள். ஆர்.டி.ஓ. அனுமதியோடுதான் செய்யலாம். என்ஜினை மாற்றினாலும் முன் அனுமதி வேண்டும். தயாரிப்பாளர் வகுத்த அமைப்பிலிருந்து விலகும்படி வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

● முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்து, சேஸிஸ், பாடி, என்ஜின் அசல் வடிவில் இருக்கும் வண்டிக்கு "விண்டேஜ்" பதிவு கிடைக்கும். 2021 ஜூலையில் வந்த விதி இது. மாநிலக் குறியீட்டுக்கு அடுத்து "விஏ" என்ற எழுத்துகள் வரும். புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், 10 ஆண்டு செல்லும். ஆனால் தினசரி ஓட்ட முடியாது. கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போடுவது, பழுது பார்ப்பது போன்றவற்றுக்கு மட்டும். மார்க்கெட்டுக்கும் கோயிலுக்கும் ஓட்டிப்போக ஆசை என்றால் சாதாரண ஆர்.சி.யைப் புதுப்பிப்பதே சரி. என் ஓட்டும் அதற்குத்தான். கார் ஓடுவதற்காகச் செய்யப்பட்டது.

● பிரிட்டனில் 2018 மே 20 முதல் 40 வயது கடந்த கார்களுக்கு ஆண்டுச் சோதனை கட்டாயமில்லை. கடந்த 30 ஆண்டுக்குள் பெரிய மாற்றம் செய்திருந்தால் இந்தச் சலுகை இல்லை. சலுகை இருந்தும் தாமாகவே சோதனைக்குக் கொண்டுபோகும் உரிமையாளர்கள் அங்கே உண்டு. பாராட்ட வேண்டிய பழக்கம். ஜெர்மனியில் 30 வயது கடந்து, அசல் தன்மை கெடாத கார் என்று தேறினால் நம்பர் பலகையின் கடைசியில் "எச்" எழுத்து சேரும்.

● இங்கிலாந்தின் மோரிஸ் மைனர் கார்களுக்கு இலங்கை உதிரிபாகம் அனுப்பியது! அந்தக் கார் 1971-இல் நின்றுபோனது. பல ஆண்டு கழித்து, 1990-களில், பாத் நகரிலிருந்த மோரிஸ் மைனர் மையத்துக்காக இலங்கைப் பட்டறையில் தகடுகள் உருவாகின. மோரிஸ் மைனரைத் தூக்கிப் போடாமல் ஓட்டிக்கொண்டிருந்த நாட்டில் அந்தக் கைத்திறனும் அழியாமல் இருந்தது.

● அம்பாசிடர் 1957-இல் மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் தொடங்கி 2014 மே வரை வந்த கார். மூலம் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு சீரிஸ் 3. ஒரே உருவம் அரை நூற்றாண்டுக்கு மேல் நீடித்ததால் சென்னை புதுப்பேட்டையில் இன்னும் அதற்குப் பாகம் கிடைக்கிறது. பழைய காரில் கை பழக விரும்புபவர்கள் இதிலிருந்து தொடங்கலாம்.

● ஆர்.சி. முடியும் தேதிக்கு 60 நாள் முன்பிருந்தே படிவம் 25-ஐக் கொடுக்கலாம். தேதி தாண்டினால் தாமதக் கட்டணம் மாதக் கணக்கில் ஏறும், அந்த இடைவெளியில் வண்டியை ரோட்டில் எடுப்பதும் சட்டவிரோதம். இன்றே ஆர்.சி.யை எடுத்துத் தேதியைப் பாருங்கள். ஆறு மாதத்துக்குள் முடிகிறது என்றால் பிரேக் வேலையை இந்த வாரமே மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுங்கள்.