கழுத்தில் நம்பர் அட்டை. ஆனால் கைதிகள் அல்ல!
பிரேசில் காட்டு மக்களுக்காகப் பெண் போட்டோகிராபர் நடத்திய போராட்டம்

போலீஸ் ஸ்டேஷனில் கேடிகள் போட்டோ மாட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். நெஞ்சுக்கு நேராக ஒரு சிலேட்டு. சிலேட்டில் ஒரு நம்பர். முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே "ஆள் சரியில்லை" என்று மனசு முடிவு கட்டிவிடும்.

அதே மாதிரி நம்பர் அட்டையைக் கழுத்தில் கட்டிக்கொண்டு ஆணும் பெண்ணும் பச்சைக் குழந்தைகளுமாக நிற்கும் போட்டோக்கள் பிரேசில் நாட்டில் இருக்கின்றன. இவர்கள் திருடவில்லை. யாரையும் குத்தவில்லை. தடுப்பு ஊசி போட்டுக்கொள்ள வந்தவர்கள்!

இவர்கள் யனோமாமி என்ற பழங்குடி மக்கள். அமேசான் காட்டில், பிரேசிலும் வெனிசுலாவும் சேரும் எல்லையில் வசிப்பவர்கள். போட்டோ எடுத்தவர் கிளாடியா அந்துஜார் என்ற பெண்மணி.

தப்பி வந்த சிறுமி

அந்துஜார் பிறந்தது 1931-ல், சுவிட்சர்லாந்தில். வளர்ந்தது ருமேனியா-ஹங்கேரி எல்லைப் பக்கம். அப்பா யூதர். இரண்டாவது உலகப்போரில் அப்பாவையும் அப்பா வழிச் சொந்தக்காரர்களில் கிட்டத்தட்ட எல்லோரையும் நாஜிகள் முகாம்களில் கொன்று தீர்த்தார்கள். அம்மாவும் பெண்ணும் 1944-ல் சுவிட்சர்லாந்துக்குத் தப்பி ஓடினார்கள். பிறகு அமெரிக்கா. 1955-ல் பிரேசில்.

பாஷை தெரியாத ஊரில் ஜனங்களோடு பழக கேமராவைக் கையில் எடுத்தார். பத்திரிகை போட்டோகிராபர் ஆனார். 1971-ல் ஒரு பத்திரிகை வேலையாக அமேசான் போனவர் யனோமாமிகளைப் பார்த்தார். அதோடு பத்திரிகை வேலைக்கு முழுக்கு!

வந்தோம், நாலு படம் "கிளிக்" பண்ணினோம், போனோம் என்ற ஆசாமி அல்ல இவர். மாதக்கணக்கில் அவர்களோடு தங்கினார். மலேரியாவில் படுத்தார். கேமராவை மூட்டை கட்டி வைத்துவிட்டு பேப்பரும் பேனாவும் கொடுத்து, "உங்கள் உலகத்தை நீங்களே வரையுங்கள்" என்றார். 1976-ல் சாவ் பாவ்லோ நகரிலிருந்து ஒரு கறுப்பு வோக்ஸ்வேகன் காரை ஓட்டிக்கொண்டு காட்டுக்கே வந்து சேர்ந்தார். அந்த வண்டிக்கு யனோமாமிகள் வைத்த பெயர், கழுகு!

அவர்களுடைய பெரிய வட்டக் குடிசைக்குள் பட்டப்பகலிலும் இருட்டு. கூரை ஓட்டை வழியாக விழும் வெளிச்சத்தில் பொறுமையாகக் காத்திருந்து முகங்களைப் படம் பிடித்தார். லென்ஸ் ஓரத்தில் வாஸலின் தடவுவாராம். படத்தின் ஓரம் மங்கலாகி, நடுவில் இருக்கும் முகம் மட்டும் பளிச்சென்று தெரியும். அந்த முகங்களில் "ஐயோ பாவம்" என்று சொல்ல ஒன்றுமில்லை. நம்மைப் பார்த்து "நீ யார்?" என்று கேட்கிற முகங்கள்.

ரோடு வந்தது, நோயும் வந்தது

பிரேசிலில் அப்போது ராணுவ ஆட்சி. 1973-ல் யனோமாமி காட்டின் தெற்குப் பக்கமாக ரோடு போட ஆரம்பித்தார்கள். ரோடு போட வந்த கூட்டத்தோடு அம்மை, சளிக்காய்ச்சல் எல்லாம் வந்தது. வெளியார் நோயை அதுவரை பார்த்திராத உடம்புகள்! கொத்துக் கொத்தாகச் செத்தார்கள்.

இதையெல்லாம் கண்ணால் பார்த்த ஆளை சர்க்கார் விட்டுவைக்குமா? 1977-ல் அந்துஜாரைக் காட்டை விட்டு வெளியேற்றினார்கள். அவர் சும்மா இருக்கவில்லை. 1978-ல் கார்லோ சக்வினி என்ற மிஷனரி, புரூஸ் ஆல்பர்ட் என்ற மானிடவியல் அறிஞர் ஆகியோரோடு சேர்ந்து, யனோமாமிகளின் நிலத்துக்காக ஒரு கமிட்டியே ஆரம்பித்துவிட்டார்.

ஏன் நம்பர்?

1981-ல் இரண்டு டாக்டர்களோடு அந்துஜார் மறுபடி காட்டுக்குப் போனார். ஊர் ஊராகத் தடுப்பு ஊசி. யாருக்கு எந்த ஊசி போட்டோம் என்று கார்டு எழுத வேண்டும். அங்கேதான் சிக்கல். யனோமாமிகள் ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். அது மரியாதைக் குறைவு. மாமா, தங்கச்சி என்று முறைதான் சொல்வார்கள். (நம் ஊரில் பாட்டிமார் புருஷன் பெயரைச் சொல்லாமலே காலம் தள்ளவில்லையா?)

பெயர் இல்லாமல் கார்டு எப்படி எழுதுவது? ஆளுக்கு ஒரு நம்பர் கட்டி, போட்டோ எடுத்து, கார்டில் ஒட்டினார்கள். 1983 வரை இந்த வேலை நடந்தது.

அந்துஜாருக்கு மனசு உறுத்தியது. சின்ன வயசில் அவர் ஊர் யூதர்கள் சட்டையில் மஞ்சள் நட்சத்திரம் குத்திக்கொண்டு நடந்ததைப் பார்த்தவர். அந்த அடையாளம் சாவுக்கு. இந்த நம்பர் பிழைப்பதற்கு. ஆனாலும் அட்டை அட்டைதானே! அந்த உறுத்தலை மூடி மறைக்காமல், பல வருஷம் கழித்து 2006-ல் அந்தப் படங்களைக் கண்காட்சியில் வைத்தார். என்னைக் கேட்டால், அவர் எடுத்ததில் நெஞ்சை அதிகம் தைப்பது இந்தப் படங்கள்தான்.

எதிரில் நின்றவர்களுக்கும் இது லேசான விஷயமல்ல. ஒருவர் இறந்துவிட்டால் அவருடைய பொருள் ஒன்றுகூட மிச்சமில்லாமல் அழித்துவிடுவது யனோமாமி வழக்கம். பெயரைக்கூட உச்சரிக்கக் கூடாது. அப்படிப்பட்டவர்கள் தங்கள் முகத்தை ஒரு பெட்டிக்குள் விட்டுக்கொடுத்தார்கள்!

தங்க வேட்டை

1987 வாக்கில் காட்டுக்குள் தங்கம் தோண்டும் கும்பல் புகுந்தது. சுமார் 40 ஆயிரம் பேர்! கள்ளத்தனமாக விமானம் இறங்க ஓடுபாதை போட்டார்கள். ஆற்றில் பாதரசம். ஊரில் மலேரியா. சர்க்காரோ யனோமாமி நிலத்தை 19 துண்டாக வெட்டப் பார்த்தது.

அந்துஜார் 1989-ல் தன் படங்களை வைத்து சாவ் பாவ்லோ மியூசியத்தில் ஒரு காட்சி நடத்தினார். அதற்கு வைத்த தலைப்பிலேயே "இனப்படுகொலை" என்று போட்டார். யனோமாமி தலைவர் டாவி கோப்பெனாவா நாடு நாடாகப் போய் நியாயம் கேட்டார். 1992 மே 25-ந் தேதி ஜனாதிபதி கோலர் கையெழுத்துப் போட்டார். 96 ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேல், துண்டு போடாமல் ஒரே நிலம்! நம் தமிழ்நாட்டில் முக்கால் பங்கு.

அத்தோடு தீர்ந்ததா? இல்லை. 1993-லேயே ஹாஷிமு என்ற ஊரில் தங்க கும்பல் 16 பேரைக் கொன்றது. பிரேசில் கோர்ட்டு அதை இனப்படுகொலை என்றே தீர்ப்பளித்தது. அடுத்து வந்த ஆட்சிகளில், கண்டுகொள்ள ஆள் இல்லாத நேரம் பார்த்து கும்பல் மறுபடி மறுபடி நுழைந்தது. 2023 ஜனவரியில் லூலா அரசு அங்கே சுகாதார அவசர நிலை பிரகடனம் செய்தது. அதற்கு முந்தைய நாலு வருஷத்தில் தடுக்கக்கூடிய நோய்களில் செத்த குழந்தைகள் 570 என்று அப்போது கணக்கு வெளியானது.

அதற்கு அடுத்த மாதம் நியூயார்க்கில் அந்துஜாரின் படங்களை வைத்துக் கண்காட்சி திறந்தார்கள். அவர் படங்களுக்குப் பக்கத்தில், யனோமாமிகள் தாங்களே வரைந்த ஓவியங்களும் தாங்களே கேமரா பிடித்து எடுத்த சினிமாக்களும் இருந்தன.