இரவு 11 மணிக்கு ஐஸ் கட்டி எதற்கு? கோவளம் கடற்கரையும் பிலிம் கேமராக்காரர்களின் நள்ளிரவுப் பேச்சும்

"தண்ணி எத்தனை டிகிரி மச்சான்?"

"முப்பத்தொண்ணு."

"ஃப்ரிட்ஜ்ல ஐஸ் இருக்கா?"

இரவு 11 மணிக்கு மேல் இப்படி ஓர் உரையாடல் காதில் விழுந்தால், ஏதோ பார்ட்டிக்குத் தயாராகிறார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். பிலிம் கேமராவில் படம் எடுப்பவர்கள், அன்று எடுத்த ரோலை வீட்டிலேயே கழுவப் போகும்போது பேசிக்கொள்வது இப்படித்தான்.

சென்னையிலிருந்து சுமார் 40 கி.மீ. தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கிறது கோவளம். மீன்பிடிப் படகுகள், அலைச்சறுக்கு, நீலக்கொடிச் சான்று பெற்ற கடற்கரை, பழைய தேவாலயம், தர்கா என்று கேமராவுக்குத் தீனி நிறைய. கேளம்பாக்கம், சிறுசேரி பக்கம் ஐ.டி. வேலை பார்ப்பவர்களுக்கு இது கூப்பிடு தூரம். சூரிய உதயத்துக்குப் போய் 36 படங்களை எண்ணி எண்ணி எடுத்துவிட்டு வரலாம். ஆனால், பிலிமுக்கு ஆகாத இரண்டு விஷயங்கள் இந்தக் கரையில் ஏராளம். ஒன்று வெப்பம், இன்னொன்று ஈரம். நள்ளிரவுப் பேச்சில் பாதி இந்த இரண்டையும் பற்றியதுதான்.

ஏன் எல்லாமே ராத்திரியில்?

பகலில் ஆபீஸ் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணங்களும் உண்டு.

எடுத்து முடித்த பிலிமைக் கழுவும் டேங்கிற்குள் இருக்கும் ரீலில் சுற்ற, கும்மிருட்டு வேண்டும். கதவிடுக்கில் வரும் கீற்று வெளிச்சம்கூடப் படத்தைப் புகைமூட்டம்போல ஆக்கிவிடும். வெளிச்சம் புகாத கறுப்புப் பை வைத்திருப்பவர்கள் எப்போது வேண்டுமானாலும் சுற்றலாம். அது இல்லாதவர்களுக்கு இருக்கும் ஒரே டார்க் ரூம், ராத்திரியில் விளக்கணைத்த பாத்ரூம்தான்.

அடுத்தது தண்ணீர். மொட்டைமாடி பிளாஸ்டிக் தொட்டியில் நாள் முழுக்க வெயில் குடித்த தண்ணீர், மதியம் குழாயைத் திறந்தால் கையைச் சுடும். ராத்திரியில் அது கொஞ்சமாவது இறங்கும். அந்த 'கொஞ்சம்' பிலிம் கழுவுபவருக்குப் பெரிய விஷயம்.

20 டிகிரி என்ற சிக்கல்

கறுப்பு வெள்ளை பிலிமைக் கழுவுவதற்கான கால அட்டவணைகள் பெரும்பாலும் 20 டிகிரி செல்சியஸை வைத்தே எழுதப்பட்டவை. குளிர்நாடுகளில் அது அறை வெப்பநிலை. நம்ம ஊரில் அது ஏ.சி. ரிமோட்டில் மட்டும் தெரியும் எண்.

டெவலப்பர் என்ற ரசாயனம், ஒளி பட்ட வெள்ளி உப்பை உலோக வெள்ளியாக மாற்றுகிறது. அதுதான் நெகட்டிவில் கறுப்பாகத் தெரிவது. வெப்பம் ஏறினால் இந்த வேலை வேகமாக நடக்கும். 20 டிகிரியில் 8 நிமிடம் ஆகும் பிலிம், 24 டிகிரியில் சுமார் ஐந்தரை நிமிடத்திலேயே தயாராகிவிடும். 31 டிகிரியில் அதே கணக்கு மூன்று நிமிடத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்கும்.

சீக்கிரம் முடிந்தால் நல்லதுதானே என்று தோன்றலாம். அங்கேதான் வம்பு. ஐந்து நிமிடத்துக்கும் குறைவாகக் கழுவினால், டெவலப்பர் பிலிம் முழுக்க ஒரே சீராக வேலை செய்யாமல் போகலாம். ஊற்றுவதிலும் வடிப்பதிலும் ஏற்படும் சில நொடித் தாமதம்கூட வானத்தில் திட்டுத்திட்டாகத் தெரியும். பிலிமின் மேல் பூசப்பட்ட ஜெலட்டின் வெந்நீரில் ஊறி மெத்தென்று ஆகிவிடும். நகம் பட்டால் கீறல்தான்.

அதற்குத்தான் ஐஸ். ஆனால், ஐஸை டெவலப்பருக்குள் போடக்கூடாது. உருகும் தண்ணீர் கலவையை நீர்க்கச் செய்துவிடும். பிளாஸ்டிக் டப்பில் தண்ணீரும் ஐஸும் போட்டு, அதற்குள் ரசாயன பாட்டில்களை நிற்கவைக்க வேண்டும். 24 டிகிரிக்கு வந்தால் போதும், 20க்காக மல்லுக்கட்ட வேண்டாம் என்பதுதான் அனுபவசாலிகள் சொல்லும் முதல் பாடம். டெவலப்பரில் தண்ணீரைக் கூடுதலாகக் கலந்து நேரத்தை நீட்டிக்கொள்வது இரண்டாவது பாடம்.

மூன்றாவதைத்தான் புதிதாக வருபவர்கள் மறப்பார்கள். டெவலப்பரை மட்டும் குளிரவைத்துவிட்டு, கடைசி அலசலுக்கு நேராகக் குழாயைத் திறந்துவிடுவார்கள். திடீர் வெப்ப மாற்றத்தில் ஜெலட்டின் சுருங்கி, படம் முழுக்க வெடித்த வயல்போல வரி வரியாகிவிடக்கூடும். இன்றைய பிலிம்கள் இதை ஓரளவு தாங்கும் என்றாலும், எல்லாத் தண்ணீரையும் ஏறக்குறைய ஒரே வெப்பநிலையில் வைப்பதே பாதுகாப்பு.

கலர் பிலிம் நம்ம ஊர்ப் பிள்ளையா?

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கறுப்பு வெள்ளையைவிடக் கலர் கஷ்டம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால், 1972இல் வந்த 'சி-41' முறைப்படி கலர் நெகட்டிவைக் கழுவ வேண்டிய வெப்பநிலை 37.8 டிகிரி. டெவலப்பரில் மூன்றே கால் நிமிடம். குளிர்நாட்டுக்காரர் ஹீட்டரோடு போராட வேண்டிய இடத்தில், கோவளத்துக்காரர் பக்கெட்டில் ஒரு சொம்பு வெந்நீர் கலந்தால் போதும். ஆனால், அந்த 37.8ஐ விட்டு அரை டிகிரி நகர்ந்தாலும் நிறம் மாறத் தொடங்கும் என்பதால், தெர்மாமீட்டரைக் கீழே வைக்க முடியாது.

காபி பேச்சும் இதற்கிடையில் வரும். இன்ஸ்டன்ட் காபித்தூள், சலவை சோடா, வைட்டமின் சி மூன்றையும் கலந்து பிலிம் கழுவலாம். 1995இல் அமெரிக்காவின் ரோசெஸ்டர் தொழில்நுட்பக் கல்லூரியில் நடந்த சோதனையில் பிறந்த வழி இது. காபியில் உள்ள ஓர் அமிலம் டெவலப்பர் வேலையைப் பார்க்கிறது. விலை உயர்ந்த காபி தேவையில்லை, மலிவான காபியே நன்றாக வேலை செய்யும். நாற்றத்தைச் சகித்துக்கொள்ள வீட்டில் உள்ளவர்கள் சம்மதித்தால் சரி.

ஊட்டியில் ஏன் பிலிம் ஆலை வந்தது?

வெப்பத்தோடு மல்லுக்கட்டுவது இந்தத் தலைமுறையோடு தொடங்கியதல்ல. 1850களின் பிற்பகுதியில் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்த லின்னேயஸ் டிரைப், மதுரை, தஞ்சாவூர், ஸ்ரீரங்கம் என்று சுற்றியபோது மெழுகு பூசிய காகித நெகட்டிவ்களையே கொண்டுபோனார். உடனுக்குடன் கழுவியே தீர வேண்டிய ஈரக் கண்ணாடித் தகடுகளைவிட, வெயிலிலும் நெடும்பயணத்திலும் காகிதம் தாக்குப்பிடித்தது.

நூறு ஆண்டுகள் கழித்து, இந்திய அரசு தானே பிலிம் தயாரிக்க முடிவெடுத்தபோது தேர்ந்தெடுத்த ஊர் ஊட்டி. குளிர்ச்சியும் தூசியில்லாத காற்றும் நல்ல தண்ணீரும் பிலிம் பூசும் வேலைக்கு அவசியம். 1960இல் தொடங்கப்பட்ட ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், 1967இல் உற்பத்திக்கு வந்தது. 'இந்து' என்ற பெயரில் அதன் கறுப்பு வெள்ளை பிலிமும் போட்டோ பேப்பரும் ஸ்டுடியோக்களுக்குப் போயின, எக்ஸ்ரே பிலிம் மருத்துவமனைகளுக்குப் போனது. ஆலையைச் சுற்றி எழுந்த பகுதிக்கே இந்து நகர் என்று பெயர். இறக்குமதிப் போட்டி, விரிவாக்கத்துக்கு வாங்கிய கடன், பிறகு டிஜிட்டல் என்று அடிமேல் அடி விழுந்தது. 1990களில் நலிவடைந்த நிறுவனமாக அறிவிக்கப்பட்ட அதை மூடுவதற்கு, 2014இல் மத்திய அமைச்சரவை முடிவெடுத்தது.

இன்று கோவளத்தில் எடுக்கப்படும் ரோல்கள் பெரும்பாலும் அமெரிக்காவின் ரோசெஸ்டரிலிருந்தோ, இங்கிலாந்தின் மாபர்லியிலிருந்தோ கடல் தாண்டி வருபவை. 2012இல் திவால் பாதுகாப்பு கோரிய கோடாக், இன்றும் ரோசெஸ்டரில் பிலிம் தயாரிக்கிறது. மாபர்லியில் இல்ஃபோர்டு பிலிம்களைத் தயாரிக்கும் ஹார்மன் நிறுவனம், 2023 இறுதியில் 'ஃபீனிக்ஸ்' என்ற புதிய கலர் பிலிமை வெளியிட்டது. 2024இல் பென்டாக்ஸ், 36 பட ரோலில் 72 படம் எடுக்கும் புதிய பிலிம் கேமராவையே கொண்டுவந்தது. பிலிம் பிழைத்துக்கொண்டது. ஆனால், பழைய ஸ்டுடியோ டார்க் ரூம்களில் கைமாறி வந்த வெப்ப ஊர் வித்தைகள் பல, அந்த ஸ்டுடியோக்களோடு போய்விட்டன. பாக்கெட்டில் அச்சிட்ட குறிப்பில் சித்திரை மாதத்து மொட்டைமாடித் தொட்டிக்குப் பதில் இருக்காது. அதனால்தான் "அண்ணே, நீங்க மே மாசத்துல எப்படிக் கழுவுவீங்க?" என்று ஓய்வுபெற்ற ஸ்டுடியோக்காரரிடம் கேட்கும் கேள்விக்கு மதிப்பு அதிகம்.

லென்ஸுக்குள் பூஞ்சை

வெப்பத்துக்கு ஐஸ் இருக்கிறது. ஈரத்துக்கு? கடற்கரைக் காற்றில் ஈரப்பதம் பல நாள் 70 சதவீதத்தைத் தாண்டும். 60க்கு மேல் நீண்ட நாள் இருந்தால் லென்ஸுக்குள் பூஞ்சை வளரலாம். வெள்ளை நூல்போல, சிலந்தி வலைபோலத் தெரியும். முற்றினால் கண்ணாடியின் பூச்சையே அரித்துவிடும். தாத்தாவின் கேமராவைத் தோல் உறையோடு பீரோவில் பூட்டிவைப்பதுதான் பெரிய தவறு. தோல், ஈரத்தை உறிஞ்சிப் பிடித்துவைக்கும்.

காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, அதில் நிறம் மாறும் சிலிக்கா ஜெல், கூடவே சின்ன ஈரப்பதமானி. 40 முதல் 50 சதவீதத்துக்குள் வைத்திருந்தால் போதும். கடற்கரையிலிருந்து வந்ததும் கேமராவின் வெளிப்புறத்தை லேசாக நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்துவிட்டு, உலர்ந்த துணியால் மறுபடி துடைக்க வேண்டும். உப்பு தங்கினால் அதுவே ஈரத்தை இழுக்கும்.

பிரிக்காத ரோலை ஃப்ரிட்ஜில் வைக்கலாம். வெளியே எடுத்ததும் பெட்டியைத் திறக்காமல் ஒன்று அல்லது ஒன்றரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். இல்லையென்றால் குளிர்ந்த பிலிமின் மேல் கடற்காற்றின் ஈரம் வியர்த்து நிற்கும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் காரை நிறுத்திவிட்டுப் போகும்போது, எடுத்து முடித்த ரோலை டேஷ்போர்டில் விட்டுப் போவது தற்கொலைக்குச் சமம் என்பார்கள். எடுத்த ரோலைச் சீக்கிரம் கழுவிவிடுவதே நல்லது.

பிலிம் கேமரா இல்லாதவருக்கும் இதில் என்ன?

இத்தகைய பேச்சுகள் பெரும்பாலும் முடியும் இடம் ஒன்று உண்டு. "எங்க அப்பா அம்மா கல்யாண நெகட்டிவ் பீரோல இருக்கு. அது ஒரு மாதிரி புளிச்ச வாடை அடிக்குது. ஏன்?"

அந்த வாடை வினிகர் வாடைதான். பழைய நெகட்டிவ்களில் பெரும்பாலானவை அசிடேட் என்ற பொருளின் மேல் பூசப்பட்டவை. வெப்பத்திலும் ஈரத்திலும் அது சிதைந்து அசிட்டிக் அமிலத்தை, அதாவது வினிகரை வெளிவிடும். அந்த அமிலமே சிதைவை இன்னும் வேகப்படுத்தும், பக்கத்தில் உள்ள நெகட்டிவ்களையும் பிடிக்கும். 21 டிகிரியும் 50 சதவீத ஈரப்பதமும் உள்ள அறையில் புது அசிடேட் பிலிம் இந்த நிலைக்கு வர சுமார் 40 ஆண்டுகள் ஆகும் என்பது ஆவணக் காப்பக வல்லுநர்களின் கணக்கு. நம் கடற்கரை வீடுகளில் அந்த வெப்பநிலை மார்கழி விடியற்காலையில் மட்டும் எட்டிப்பார்க்கும். 1980களின் தொடக்கத்தில் எடுத்த கல்யாண நெகட்டிவ்களுக்கு இப்போதே 40 வயது தாண்டிவிட்டது.

போனதைத் திருப்ப முடியாது. மிச்சத்தைக் காப்பாற்றலாம்:

- வாடை அடிக்கும் நெகட்டிவ்களை உடனே மற்றவற்றிலிருந்து பிரித்து வையுங்கள்.

- இறுக்கி மூடிய பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்து, காகித உறைக்கு மாற்றுங்கள்.

- வெளிச்சுவர், சமையலறை, மொட்டைமாடிக்குக் கீழுள்ள பரண் ஆகிய இடங்கள் வேண்டாம். வீட்டில் இருப்பதிலேயே குளிர்ச்சியான, உலர்ந்த இடத்தில் வையுங்கள்.

- முதலில் ஸ்கேன் செய்ய வேண்டியது வாடை வரத் தொடங்கியவற்றைத்தான். ஸ்கேனர் இல்லையென்றால் வெள்ளைத் திரை ஒளிரும் டேப்லெட்டிலிருந்து சற்று உயர்த்திப் பிடித்து, போன் கேமராவில் படம் எடுத்து, செயலியில் நிறத்தைத் திருப்பிப் பாருங்கள். தரம் சுமார்தான், முகம் தெரியும்.

- ஸ்கேன் செய்தாயிற்று என்று நெகட்டிவைத் தூக்கி எறியாதீர்கள். நாளை இதைவிட நல்ல ஸ்கேன் கிடைக்கலாம்.

ஐஸ் உருகி முடிய, கழுவிய பிலிம் பாத்ரூம் கொடியில் கிளிப்பில் தொங்க, மணி ஒன்றாகியிருக்கும். தூசி பறக்கும் என்று ஃபேனைக்கூடப் போட மாட்டார்கள். வியர்த்துக்கொண்டே அடுத்த பேச்சு தொடரும். பீரோவில் நெகட்டிவ் இருப்பவர்கள் அதுவரை விழித்திருக்க வேண்டியதில்லை. நாளைக் காலையில் பீரோவைத் திறந்து ஒருமுறை மோந்து பார்த்தால் போதும்.